யூரர் ஆசனமும் வாக்காளர் இடாப்பும்

1963ஆம் ஆண்டு ஜூன் 12ஆந் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில், ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகராகிய ஜாக்சனில், மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலில் முதுகிற் சுடப்பட்டு வீழ்ந்தார். கறுப்பின மக்களின் குடியுரிமைக்காக அம்மாநிலமெங்கும் உழைத்த அப்பெருமகனுக்கு அப்போது வயது 37.

இரண்டாம் உலகப் போரில் நாட்டுக்காகப் பணிபுரிந்து மீண்டவர் அவர். எனினும், 1946இல் வாக்களிக்கச் சென்றபோது ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கூட்டம் அவரைத் திருப்பியனுப்பியது. இனங் காரணமாக வாக்குரிமையை மறுத்தலாகாது என்னும் அரசியலமைப்புத் திருத்தம் 1870 முதலே இருந்தது. ஏட்டில் இருந்த உரிமை, வாக்காளர் இடாப்பில் இல்லை!

கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டவன் பைரன் டி லா பெக்வித் என்னும் உர விற்பனையாளன். கொலைத் துப்பாக்கியின் தொலைநோக்கியில் அவனது விரலடையாளம் காணப்பட்டது. 1964இல் இருமுறை விசாரணை நடந்தது. இருமுறையும் யூரர் அனைவரும் வெள்ளை ஆடவரே. இருமுறையும் அவர்கள் ஒருமித்த முடிவுக்கு வந்தாரில்லை. அவன் வீடு திரும்பினான்.

இதன் காரணம் யாது? அம்மாநிலச் சட்டப்படி, வாக்காளராகத் தகுதி பெற்றவரே யூரராக அமரலாம். ஆகவே, வாக்கைப் பறித்தவர்கள் நீதியையும் உடன் பறித்தனர். எந்த உரிமையைக் கேட்டு எவர்ஸ் மாண்டாரோ, அவ்வுரிமை மறுக்கப்பட்டதே கொலையாளிக்குக் கவசமாயிற்று. குளம் நிறைந்திருப்பினும் துருசு ஒருவன் வசமேயிருந்தால் கடைவயல் காயும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர்.

1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. எவர்ஸின் துணைவியார் மேர்லி அம்மையார் முப்பது ஆண்டுகள் சலியாது போராடினார். இரண்டாம் விசாரணையின்போது மாநில ஆணைக்குழுவொன்று யூரர் தெரிவில் எதிரி தரப்புக்கு இரகசியமாக உதவியமை 1989இல் அம்பலமாயிற்று. வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. 1994 பெப்ரவரி 5ஆந் திகதி, கறுப்பினத்தவர் எண்மரும் வெள்ளையர் நால்வரும் கொண்ட யூரர் சபை அவனைக் குற்றவாளியெனக் கண்டது. ஆயுட் சிறையை அனுபவிக்கையிலேயே 2001இல் அவன் மாண்டான்.

புதிய சாட்சிகள் சிலர் வந்தனர் என்பது மெய்யே. ஆயினும் கொலையைக் குற்றமெனக் கூறிய சட்டம் 1964இலும் இருந்தது. அதனைக் கையாண்ட பன்னிருவரே மாறியிருந்தனர்.

அந்த 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கிய ஏற்பாடொன்றை 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே செல்லாதாக்கியது. ஆதலின், உரிமை எழுதப்பட்டுள்ளதா என்று கேட்பதோடு மக்கள் அமைதியுறலாகாது. இடாப்பில் யார் பெயர் உண்டு, நீதி வழங்கும் ஆசனத்தில் யார் அமர்கின்றனர் என்றும் ஓயாது கேட்டல் வேண்டும்.