மெட்டு ஏறும் வண்டிக்கு மாற்று பியூஸ் வேண்டும்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் வழியில் இருக்கிறது சிலமலை. இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து பொழுது விடியுமுன்பே ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஏராளம். ஜீப்பில் போகிறவர்கள் போக, மற்றவர்கள் மோட்டார் சைக்கிளில் மலையடியிலுள்ள முந்தலைக் கடந்து போடிமெட்டு ஏறுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மேலே போகப் போகச் சாரலும் மூடுபனியும்தான். அங்கே ஹெட்லைட் அணைந்தால், எதிரே இறங்கும் ஜீப் டிரைவரின் கண்ணுக்கு வண்டியே தெரியாது.

அணைந்ததற்குக் காரணம் சில ரூபாய் விலையுள்ள ஒரு பியூஸாக இருக்கலாம். கையில் மாற்று பியூஸ் இல்லாதவர் என்ன செய்கிறார்? சிகரெட் அட்டையின் ஜிகினாத் தாளையோ, செம்புக் கம்பியையோ செருகிவிட்டு வண்டியை எடுக்கிறார். இதைவிட ஆபத்தான வேலை வேறில்லை. 10 அல்லது 15 ஆம்பியரைத் தாண்டினால் உருக வேண்டிய பியூஸ் இருந்த இடத்தில் உருகாத கம்பி உட்கார்ந்துகொண்டால், அதற்குப் பதிலாக ஒயரிங்கே உருகும். அந்த ஒயர்கள் ஓடுவது பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

பியூஸ் காரணமில்லாமல் போகாது. மலைப்பாதையில் ஹேண்டில் ஓயாமல் இடமும் வலமும் திரும்புகிறது. அதன் கழுத்தில் வளைகிற ஒயர்கள் சட்டத்தில் உரசி, மேலுறை கிழிந்து, ஈரம் பட்டதும் ஷார்ட் ஆகின்றன. ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் விளக்கு அணைந்தாலோ, புது பியூஸும் உடனே போனாலோ, முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். எல்லா விளக்குகளும் சேர்ந்து மங்கினால் பல்பைக் குறை சொல்லாமல் பேட்டரியையும் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும்.

பனிக்காகக் கூடுதல் விளக்கு மாட்டுகிறவர்களை ஆடம்பரக்காரர்கள் என்று சொல்லக் கூடாது. அவர்களுக்கு அது தேவை. பிழை, இணைக்கும் விதத்தில் இருக்கிறது. 35 வாட் ஹெட்லைட் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். அதே ஒயரை வெட்டி இன்னும் இரண்டு விளக்குகளை முறுக்கிக் கட்டினால் சுவிட்சும் கப்ளரும் சூடாகிக் கருகும். பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி பியூஸ், ஒரு ரிலே என்று கேட்டு வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும்.

பேட்டரியின் கதை இப்போது மாறிவிட்டது. 2017 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்தது. பழைய வண்டியைப் பேட்டரி செத்தாலும் சரிவில் உருட்டிக் கியர் போட்டுக் கிளப்பிவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால் பெரும்பாலும் உருட்டியும் பயனில்லை.

ஆனால் செல்ஃப் அடிக்கும்போது ‘டக் டக்’ சத்தம் மட்டும் வந்தால் உடனே புது பேட்டரி வாங்கிவிட வேண்டாம். முனைகள் தளர்ந்தோ பூத்தோ இருக்கலாம். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். மீட்டர் இருந்தால், வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட்டும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். 15ஐத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர்) கெட்டிருக்கிறது. பல்புகள் அடுத்தடுத்துப் போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சத்தமே வராவிட்டால் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, நியூட்ரல் மூன்றையும் பார்த்தபிறகு மெக்கானிக்குக்கு போன் போடலாம். இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கக்கூடும்.

இவை எதுவும் படித்துப் பட்டம் வாங்க வேண்டிய விஷயங்கள் அல்ல. புது வண்டியைக் கையில் கொடுக்கும்போதே பக்கவாட்டு மூடியைத் திறந்து, பியூஸ் இருக்கும் இடத்தைக் காட்டி, மாற்று பியூஸ் இரண்டைக் கொடுத்தனுப்ப விற்பனையாளருக்குப் பத்து நிமிடம் ஆகாது. போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்களும் ஊர் மெக்கானிக்குகளும் சேர்ந்து, ஆண்டுதோறும் ஜூன் மழைக்கு முன் முந்தலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போகும் வண்டிகளின் விளக்கு, பியூஸ், பேட்டரி முனைகளைப் பார்த்து அனுப்பலாம். தோட்ட உரிமையாளர்கள் அதற்கான பியூஸையும் பல்பையும் வாங்கித் தரட்டும். மேலே போகிறவர்கள் அவர்களுடைய தோட்டத்துக்குத்தானே போகிறார்கள்.