தேடிப் போய்க் குடிக்கிற மில்க் ஷேக்கும் தேடாமலே கைக்கு வர்ற மில்க் ஷேக்கும்

"டாக்டர், எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. டீ, காபி கூடத் தொட மாட்டேன். வெளிய போனா பாலும் பழமும்தான்."

போன மாசம் என் ஓ.பி.யில் இப்படிச் சொன்ன தம்பிக்கு வயது 26. வெறும் வயிற்றில் சுகர் 214. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 9.8. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு, கிரேடு 2.

பாலும் பழமும்னா எப்படிப்பா?

"சப்போட்டா மில்க் ஷேக் சார். மதியம் ரெண்டு."

பைக்கில் மதுரை முழுக்கச் சுற்றிக் கடை கடையாக ஆர்டர் எடுக்கிற வேலை அவனுக்கு. உட்கார்ந்து சாப்பிட நேரம் இல்லை. சாப்பாடு சாப்பிட்டால் தூக்கம் வருது, காசும் ஜாஸ்தி. ஜூஸ் கடை ஓரமா பைக்கை நிறுத்தி ரெண்டு கிளாஸ் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல வயிறு ரொம்பிடும். மூணு வருஷமா இதுதான் மதியச் சாப்பாடு.

மாத்திரை எழுதி, சாப்பாட்டு அட்டவணை சொல்லி முடிச்சதும் அவன் கேட்ட கேள்விதான் இந்த நீளப் பதிவுக்குக் காரணம்.

"சார், இனிமே ஆயுசுக்கும் மில்க் ஷேக் குடிக்கவே கூடாதா?"

வழக்கமா நாங்க "கூடாது"ன்னு ஒரே சொல்லில் முடிச்சிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவோம். வெளியே எண்பது பேர் நிக்கிறாங்க. ஆனா எனக்கு அந்தச் சொல் வாயில வரல. ஏன்னு சொல்றேன்.

முதல் காரணம், நானே ஒரு மில்க் ஷேக் பைத்தியம். மதுரையிலயும் சுத்துவட்டாரத்திலயும் குளிர்ந்த பால் கிளாஸ் எங்க நல்லா இருக்கும்னு தேடிப் போய்க் குடிக்கிறதுதான் என் பொழுதுபோக்கு. ஹவுஸ் சர்ஜன் காலத்துல ஆரம்பிச்சது. ராத்திரி டூட்டி முடிச்சு, அதுக்கடுத்த பகலையும் முடிச்சு வெளியே வந்தா, வர்றது பசியா தூக்கமான்னே தெரியாது. அப்படி ஒரு சாயங்காலம் கூட்டாளி ஒருத்தன் என்னை விளக்குத்தூணுக்கு இழுத்துட்டுப் போய் ஒரு ஜிகர்தண்டாவைக் கையில கொடுத்தான்.

1977ல் இருந்து அந்தப் பக்கம் நடக்குற ஃபேமஸ் ஜிகர்தண்டா கடை மதுரைக்காரங்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரங்க அதை ஏதோ கலர் கலரா இருக்கிற ஜவுளிக்கடை ஷர்பத் மாதிரி நினைக்கிறாங்க. அப்படி இல்ல. அதோட உயிர் சுண்டக் காய்ச்சின பால்ல இருக்கு. பழுப்பு நிறம் வர்ற வரைக்கும் பொறுமையா வத்த விட்ட பால். அதுல ஊறிப் பொதபொதன்னு இருக்கிற பாதாம் பிசின், நன்னாரி சிரப், மேல ஒரு கரண்டி ஐஸ்கிரீம். ஸ்பெஷல்னு கேட்டா பாசந்தியும் சேரும். பால் சரியா வத்தலன்னா மத்த எதைப் போட்டாலும் ஒப்பேறாது. ஊர் முழுக்க அந்தப் பேர்ல எசன்ஸ் கலந்த பாலை ஊத்திக் கொடுக்கிற கடைகள் இருக்கு. ஒரு வாய் குடிச்சதுமே தெரிஞ்சிடும், நாக்குல பால் ஒட்டாது.

பேரைப் பத்தி ஒரு விஷயம். 'ஜிகர்'னா ஈரல். பாரசீகத்துல இருந்து உருதுக்கு வந்த சொல். நெஞ்சு, மனசுங்கிற அர்த்தத்துலயும் புழங்குவாங்க. 'தண்டா'ன்னா குளிர்ச்சி. ஈரல் குளிர்ச்சின்னு பேர் வெச்ச பானம் இருக்கிற ஊர்ல, வாரம் தவறாம ஃபேட்டி லிவர் ஸ்கேன் ரிப்போர்ட்டா பார்த்துட்டு இருக்கேன். சிரிக்கிறதா வேண்டாமான்னு தெரியல.

இது சும்மா சொல்ற ஜோக்கும் இல்ல. நாம போடுற சீனியில பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்க இருக்கிற செல்கள் எடுத்துக்கும். ஃபிரக்டோஸ் பெரும்பாலும் ஈரலுக்குத்தான் போகும். தேவைக்கு மேல வந்தா ஈரல் அதைக் கொழுப்பா மாத்தும். அந்தத் தம்பி சொட்டு சாராயம் தொட்டதில்ல. ஆனா ஈரல்ல கொழுப்பு வந்தது இப்படித்தான்.

சரி, ஒரு கிளாஸ்ல சீனி எவ்வளவுதான் இருக்கு? பழக்கமான ஜூஸ் கடை அண்ணன்கிட்ட அவர் சீனி அள்ளுற கரண்டியையே கேட்டு வாங்கி, வீட்டுச் சமையல் தராசுல நிறுத்துப் பார்த்தேன். கோபுரமா அள்ளினா 16 கிராம். ஒரு சப்போட்டா ஷேக்குக்கு மூணு கரண்டி போடுறார். ஆக 48 கிராம். டீஸ்பூன் கணக்குல கிட்டத்தட்ட பத்து.

உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது, சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு. அதாவது முழு நாளுக்கும் சேர்த்து. ஒரே கிளாஸ்ல ரெண்டு நாள் கோட்டா காலி.

கலோரியா பார்த்தா பால், பழம், சீனி எல்லாம் சேர்ந்து 450ஐ ஒட்டி வரும். ஏழெட்டு இட்லிக்குச் சமம். ரெண்டு கிளாஸ்னா பதினஞ்சு இட்லி. பதினஞ்சு இட்லிய அஞ்சு நிமிஷத்துல தின்னு பாருங்க, முடியாது. நாலாவது இட்லியிலயே வயிறு மூளைக்குத் தகவல் அனுப்ப ஆரம்பிச்சிடும். குடிக்கிற உணவுக்கு அந்தத் தகவல் சரியாப் போய்ச் சேர்றதில்ல. நாலு மணிக்கு அவனுக்கு மறுபடி பசிக்கும். பசிச்சா டீக்கடை பஜ்ஜி.

"நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிக்கிறேன் டாக்டர்", "தேன் மட்டும்தான் விடுவேன்", "பேரீச்சம்பழம் போட்டு அரைக்கிறோம்" என்று வர்றவங்களுக்கும் இங்கேயே சொல்லிடுறேன். மூணுமே சுகரை ஏத்தும். சாயங்காலம் தள்ளுவண்டியில விக்கிற பருத்திப்பால் எனக்கும் பிடிக்கும், சுக்கு வாசனைக்காகவே நிப்பேன். அதுல இருக்கிற வெல்லமும் கணக்குல வரும். பேர்ல பருத்தி இருக்கிறதால மருந்து ஆகிடாது.

ரெண்டாவது காரணம் எங்க அப்பா.

அவருக்கு 48 வயசுல சுகர் வந்துச்சு. பார்த்த டாக்டர் "இனி ஆயுசுக்கும் இனிப்பே கூடாது"ன்னுட்டார். அப்பா ஆறு மாசம் அப்படியே இருந்தார். அப்புறம் ஒரு நாள் அம்மா துணி துவைக்கும்போது அவர் வெள்ளைச் சட்டையில ரோஸ் கலர்ல ஒரு கறையைப் பார்த்தாங்க. ஆபீஸ் முடிஞ்சு வர்ற வழியில தினமும் ஒரு ரோஸ் மில்க். கேட்டதுக்கு ஒத்துக்கல. நான் அப்போ பிளஸ் டூ.

ஒளிஞ்சு குடிக்கிற ஆள் டெஸ்ட்டுக்கும் போக மாட்டார். போனா மாட்டிக்குவோம்ல? மூணு வருஷம் அவர் ரத்தமே கொடுக்கல. செருப்புக் கடிச்ச புண் ஆறாம, வலது கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அந்த விரலை எடுத்தது ரோஸ் மில்க்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அப்படித் தோணல. ரோஸ் மில்க்கைவிட, அதைப் பத்திப் பேச முடியாமப் போன மூணு வருஷம்தான் எடுத்துச்சு.

நானும் சும்மா இல்ல. போன வருஷம் என் ஹெச்பிஏ1சி 5.9. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் ப்ரீ டயாபடீஸ். ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல வெளியானப்போ நாட்டுல 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதுக்கு முந்தின படியிலன்னு வந்துச்சு. அந்த 13.6 கோடியில நானும் ஒருத்தன். இப்போ மாசம் ஒண்ணு. அதுதான் என் கணக்கு.

அந்தத் தம்பிகிட்ட நான் சொன்னது இதுதான். சுகர் கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் ஒரு சொட்டும் வேண்டாம், பேச்சே இல்ல. வெயிட்டுல ஏழுல இருந்து பத்து சதவீதம் குறைச்சா ஈரல் கொழுப்பும் கரையும். வந்தப்புறம், மாசத்துக்கு ஒண்ணு. ஆனா அதைத் தேடிப் போய்க் குடிக்கணும். பைக்கை ஓரம் கட்டின இடத்துல இருக்கிறதைக் குடிக்கக் கூடாது.

தேடிப் போய்க் குடிக்கிற கிளாஸால சுகர் வந்த பேஷண்ட்டை என் ஓ.பி.யில நான் பார்த்ததில்ல. ஆபீஸ் வாசல்ல, காலேஜ் கேட்ல, பஸ் ஸ்டாண்டுல, பசிக்குப் பதிலா கைக்கு வந்து சேர்ற கிளாஸ்லதான் எல்லாரும் மாட்டுறாங்க. அதோட ருசியைக் கேட்டா பாதிப்பேருக்கு ஞாபகமே இருக்காது. மூணு வருஷம் தினமும் ரெண்டு குடிச்ச தம்பிகிட்ட "எந்தக் கடை நல்லா இருக்கும்?"னு கேட்டேன். யோசிச்சிட்டு, "எல்லாம் ஒண்ணுதான் சார்"னான். எனக்குப் பாவமா இருந்துச்சு.

எல்லாம் ஒண்ணு இல்ல தம்பி.

நல்ல கடையில பால் பாக்கெட்டை ஃப்ரீசர்ல கல்லா உறைய வெச்சிருப்பாங்க. ஆர்டர் சொன்னதும் அதைத் தட்டி உடைச்சு, ஐஸே சேர்க்காம மிக்ஸியில போடுவாங்க. அதான் கெட்டியா வரும். ஐஸ் கட்டி போட்டா பாலும் தண்ணியாகும், அந்த ஐஸ் எந்தத் தண்ணியில உறைஞ்சதுன்னும் தெரியாது. டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் அந்த வழியாவும் வரும். பாக்கெட் கலரைப் பாருங்க. ஆவின்ல ஆரஞ்சு 6 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, நீலம் 3. ஷேக்குக்கு ஆரஞ்சுதான் சரி. மாசம் ஒருக்கா குடிக்கிறதுக்கு நீலத்துல என்ன சிக்கனம்?

ஜாரைப் பாருங்க. முந்தின ஆளோட மாதுளை விதை ஒட்டியிருந்தா அடுத்த கடை. பழத்தைக் கண் முன்னால உரிக்கணும், டப்பாக் கூழ் வேண்டாம். ரோஸ் மில்க் கண்ணைப் பறிக்கிற நிறத்துல இருந்தா வேண்டாம். 2024 பிப்ரவரியில தமிழ்நாட்டுல பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே ரோடமைன்-பி சாயத்தாலதான், ஞாபகம் இருக்கும். (ரோஸ் மில்க்னா மயிலாப்பூர் காளத்தி கடைதான்னு சென்னைக்காரங்க சண்டைக்கு வருவாங்க. வரட்டும்.)

சீனியை வாய்விட்டுச் சொல்லணும். "அண்ணே, ஒரு கரண்டி போதும்." முதல் தடவை அண்ணன் ஒரு மாதிரி பார்ப்பார். பழுத்த சப்போட்டாவுக்கு அந்த ஒரு கரண்டியே அதிகம். சீனி குறைஞ்சாத்தான் பழம் நல்ல பழமான்னு தெரியும், அதனாலதான் சில கடைகள்ல அள்ளி அள்ளிப் போடுறாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

என் ஓட்டு பட்டர் ஃப்ரூட் ஷேக்குக்கு. கொடைக்கானல் மலைப்பக்கம் இருந்து வர்ற பழம். பழத்துல இனிப்பே கிடையாது, நல்ல கொழுப்பும் நாரும்தான். அதுல நாலு கரண்டி சீனியைக் கொட்டிப் பாயசம் ஆக்குறாங்க. அரைக் கரண்டியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கேட்டு வாங்கிக் குடிங்க, அப்புறம் பேசுவோம். பிஸ்கட், சாக்லேட்டெல்லாம் அரைச்சு ஊத்துற ஷேக்கைப் பத்தி நான் பேசப் போறதில்ல. அது வேற ஜாதி. குழந்தைங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலா அதை வாங்கிக் கொடுக்கிறவங்க மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க.

சுகர் மாத்திரை, இன்சுலின் போடுறவங்களுக்கு ரெண்டு விஷயம். லோ சுகர் ஆகிப் படபடன்னு வேர்த்தா மில்க் ஷேக் தேடாதீங்க. பால் கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும். அப்போ குளுக்கோஸ் பவுடர் இல்லன்னா மூணு ஸ்பூன் சீனியைத் தண்ணியில கலக்கிக் குடிக்கிறதுதான் சரி. அதே காரணத்தால, ஷேக் குடிச்ச ஒரு மணி நேரத்துல குளுக்கோமீட்டர்ல நம்பர் கம்மியா காட்டுச்சுன்னு சந்தோஷப்படவும் வேண்டாம். அது மெதுவா ஏறிட்டு இருக்கும்.

எங்க அப்பாவுக்கு இப்போ 66. ஹெச்பிஏ1சி 7.1. மூணு மாசத்துக்கு ஒருக்கா அவரே போய் ரத்தம் கொடுத்துட்டு ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறார். டூட்டி இல்லாத சனிக்கிழமையாப் பார்த்து அவரைக் கூட்டிட்டுக் கிளம்புவேன். ஒரு கிளாஸ், ரெண்டு ஸ்ட்ரா. அவர் கால் கிளாஸ்ல நிறுத்திக்கணும்னு ஒப்பந்தம், பெரும்பாலும் மீறுவார்.

மேலூர் பக்கமோ வாடிப்பட்டி பக்கமோ பட்டர் ஃப்ரூட் ஒழுங்கா போடுற கடை தெரிஞ்சவங்க கீழே எழுதுங்க. இந்த மாசக் கோட்டா இன்னும் பாக்கி இருக்கு.