சீட்டு கிடைத்தது, பாடம் கிடைத்ததா?



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரு பரபரப்பு. யாருடைய பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பதுதான் பேச்சு. ஜமாஅத் நிர்வாகிகள் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார்கள். செல்வந்தர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். பையன் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போனதும் எல்லோரும் கையைத் தட்டிவிட்டுக் கலைந்து விடுகிறோம். கடமை முடிந்ததாம்!

உள்ளே போனவனுக்கு என்ன நடக்கிறது? முதல் ஆண்டில் சேர்ந்த பிள்ளை மூன்றாம் ஆண்டில் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறானா? எத்தனை பாடத்தில் அரியர்? ஏன் அரியர்? இதைக் கேட்க ஒரு ஜமாஅத்தும் இல்லை. ஒரு கல்வி அறக்கட்டளையும் இல்லை. ஓர் அரசு அலுவலகமும் இல்லை. இடம் வாங்கிக் கொடுப்பது வேறு, கல்வி கொடுப்பது வேறு என்ற உண்மையை உரக்கச் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள்

நீதிபதி ராஜேந்தர் சச்சார் குழு 2006-ல் அறிக்கை தந்தது. நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம். முதுநிலையில் 50 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்று அந்த அறிக்கை போட்டு உடைத்தது. அதற்குப் பிறகு 2007-ல் தமிழகத்தில் நமக்கு 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு வந்தது. வீதியில் இறங்கிக் கேட்டுப் பெற்ற உரிமை அது. அதன் அருமையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் நாடு முழுவதையும் எடுத்துக் கொண்டால் நிலைமை என்ன? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் 14.2 சதவீதம். ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20-ல் கல்லூரிகளில் படித்த முஸ்லிம்கள் சுமார் 21 லட்சம். அடுத்த ஆண்டே அது 19 லட்சத்துச் சொச்சமாகச் சரிந்தது. 2021-22-ல் மீண்டும் 21 லட்சத்தைத் தொட்டது. அதாவது இரண்டு வருடம் ஓடி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றோம்! கல்லூரி மாணவர் நூறு பேரை எண்ணினால் நம்மவர் ஐந்து பேர்கூடத் தேறவில்லை.

வறுமை ஒரு காரணம். பாரபட்சம் ஒரு காரணம். இரண்டையும் மேடை போட்டுப் பேசுகிறோம். பேசாத மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் வகுப்பறை! இந்த வகுப்பறை யாரை மனதில் வைத்து அமைக்கப்பட்டது என்ற கேள்வி.

அத்திப்பட்டில் ஏறி உட்காருங்கள்

எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் இருக்கிறது அத்திப்பட்டு. அனல்மின் நிலையம் இங்கே. காமராஜர் துறைமுகம் அருகே. மாநிலத்துக்கு மின்சாரம் போகிறது. ஊருக்கு நிலக்கரித் தூசியும் சாம்பலும் மிச்சம். இங்கிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில்தான் உயிர்நாடி. சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு அது நிற்கும். பஸ்ஸில் போகலாம் என்றால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்.

இவன் வகுப்புக்குள் நுழையும்போது வருகைப் பதிவு முடிந்திருக்கும். 75 சதவீத வருகை இல்லை என்றால் தேர்வு எழுத முடியாது. 65-க்கு மேல் இருந்தால் பணம் கட்டி எழுதலாம் என்று பல்கலைக்கழக விதி இருக்கிறது. கவனியுங்கள்! ரயில் நின்றதற்கு அபராதம் கட்டுவது யார்? ரயில்வேயா? கண்டெய்னர் முதலாளியா? கூலித் தொழிலாளியின் மகன்!

சரி, வகுப்பில் உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்தவன். ஒரே நாளில் முழுக்க ஆங்கிலம். ஆசிரியர் கேட்கிறார்: “புரிந்ததா?” மொத்த வகுப்பும் தலையாட்டுகிறது. புரியவில்லை என்று சொல்லவும் ஆங்கிலம் வேண்டுமே! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன், வீட்டில் யாரிடம் போய்க் கேட்பான்? இரண்டு செமஸ்டர் தோற்றதும் மண்ணடியில் கடைக்கோ பர்மா பஜாருக்கோ வேலைக்குப் போய்விடுகிறான். நாம் என்ன சொல்கிறோம்? “பையனுக்குப் படிப்பு ஏறவில்லை!” படிப்பு ஏறவில்லையா, அவன் ஏறும்படி படி கட்டவில்லையா?

கேட்காமல் திறந்தார்கள்; கேட்காமல் மூடப் பார்த்தார்கள்

மொழிக் கதையை முழுதாகச் சொல்லியாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ் வழியில் தொடங்கினார்கள். நல்ல காரியம். அதே ஆண்டு தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமைச் சட்டமும் வந்தது. ஆனால் பெரிய கம்பெனிகளின் நேர்முகத் தேர்வும் மேற்படிப்புக்கான ‘கேட்’ தேர்வும் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன? தமிழில் படித்தவன் அந்தப் பாலத்தை எப்படிக் கடப்பான் என்று யோசித்தார்களா?

2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் மாணவர் சேர்க்கை குறைவு என்று கூறி இந்தப் படிப்புகளை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அறிவிப்பு வாபஸ் ஆனது. திறந்தபோதும் சரி, மூட நினைத்தபோதும் சரி, படித்த பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்து “உங்களுக்கு எது உதவியது, எது இடித்தது?” என்று கேட்பதுதானே முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்?

தமிழா ஆங்கிலமா என்ற பட்டிமன்றம் பிள்ளைகளுக்கு வேண்டாம். தமிழில் விளங்க வை. ஆங்கிலச் சொல்லையும் கையில் கொடு. பிறகு மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் பேச வை. வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு இது தெரியும். அவனைக் கேட்டால்தானே!

கேட்கிறார்களே என்பீர்கள். ஆமாம், கேட்கிறார்கள்! கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ‘நாக்’ அமைப்பு மாணவர் திருப்திக் கணக்கெடுப்பை மதிப்பீட்டில் ஒரு பகுதியாக வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மாணவன் சொன்ன பதில் அடுத்த செமஸ்டர் பாடத்தை மாற்றாவிட்டால் அது கல்லூரியின் மதிப்பெண்ணுக்குப் பயன்படுமே தவிர மாணவனுக்கு என்ன பயன்? கண்துடைப்புக்கு வேறு பெயர் வேண்டுமா? லிங்டோ குழு 2006-லேயே மாணவர் பேரவைத் தேர்தலுக்கு நெறிமுறை வகுத்துக் கொடுத்தது. தமிழகத்தின் பெரும்பாலான கல்லூரிகளில் அந்தத் தேர்தலின் வாசனையே கிடையாது. வாயைக் கட்டிவிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள்!

காது கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்

முடியாத காரியமா இது? சென்னை மாநிலக் கல்லூரியைப் பாருங்கள். 2007 முதல் அங்கே காது கேளாத மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. “எங்கள் பாடம் இப்படித்தான், முடிந்தால் கேட்டுக்கொள்” என்று சொல்லவில்லை. அவர்களுக்கேற்ப வகுப்பை அமைத்தார்கள்.

சென்னை ஐ.ஐ.டி. 2021-ல் இணைய வழியில் ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதில் சேர ஜே.இ.இ. தேவையில்லை. முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள். நடத்திய பாடத்திலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். பாதியில் நிற்க நேர்ந்தாலும் அதுவரை முடித்த கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமாவோ உண்டு. வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவதில்லை. நாட்டிலேயே கடினமான நுழைவு வாசலை வைத்திருக்கும் நிறுவனம், கற்றுக்கொடுத்த பிறகு சோதிக்கலாம் என்ற இன்னொரு வாசலையும் திறக்கிறது! நம் கல்லூரிகளுக்கு என்ன தடை?

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. எழுதும்போது கை தசை பிடித்துக்கொள்ளும் கோளாறால் எழுத வராத தேர்வர் ஒருவருக்கு உதவி எழுத்தர் தர மறுத்தபோது, 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் அவர் பக்கம் நின்றது. தேவையான வசதியைச் செய்து தருவது சலுகை அல்ல, சமத்துவத்தின் பகுதி என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம்.

வியாபாரிகளுக்கு இது எளிதில் விளங்கும். குடோன் வாசலில் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போடுகிறோம், தள்ளுவண்டி ஏறுவதற்காக. அதே சாய்தளத்தில் சக்கர நாற்காலியும் ஏறும். முழங்கால் வலிக்கும் பெரியவரும் ஏறுவார். ஒருவருக்காகப் போட்டது எல்லோருக்கும் வழியானது. பாடமும் அப்படித்தான்.

“தரம் கெட்டுவிடும்!”

உடனே ஒரு கூச்சல் எழும். மாணவன் சொல்வதைக் கேட்டால் தரம் என்னாவது? மதிப்பெண்ணை அள்ளி வீசவா?

நாம் கேட்பது அதுவல்ல. வாடிக்கையாளர் கேட்பதைக் காதில் வாங்கும் கடைக்காரர் எடையைக் குறைக்கிறாரா? தராசை வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கிறார். சரக்கைக் கைக்கு எட்டும் தட்டில் அடுக்குகிறார். எடை அதேதான். தேர்வு கடினமாகவே இருக்கட்டும். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். தவறிய இடத்தைச் சுட்டிக்காட்டி இன்னொரு வாய்ப்புத் தாருங்கள். பாதி வகுப்பு தோற்பது தரத்தின் அடையாளமல்ல. கற்பித்தல் தோற்றதன் அடையாளம்!

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதைவிடக் கொடுமை. 2022-ல் கர்நாடகத்தில் தலைத்துணியைக் கழற்றினால்தான் வகுப்பு என்றார்கள். உயர்நீதிமன்றம் மார்ச் 15-ல் அந்தத் தடையைச் சரி என்றது. உச்சநீதிமன்றத்தில் அக்டோபர் 13-ல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். தடையை ஏற்காத நீதிபதி சுதான்ஷு துலியா, அந்தப் பெண்ணின் கல்வி என்னாகும் என்ற இடத்திலிருந்து வழக்கைப் பார்த்தார். மாணவியின் இடத்தில் நின்று பார்ப்பது என்றால் இதுதான்.

நம் வீட்டுக் கதை

அடுத்தவரைக் கேட்டாயிற்று. இப்போது நம்மையே கேட்போம்.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் எழுந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-ல் எழுந்தன. வியாபாரம் செய்த பெரியவர்கள் தங்கள் காசைக் கொட்டிக் கட்டினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. அவர்கள் வாசலைத் திறந்தார்கள். அடுத்த தலைமுறையான நம் வேலை வகுப்பறையைத் திறப்பது. நாம் என்ன செய்கிறோம்? கட்டடத்துக்குக் கொடுக்கிறோம், கல்வெட்டில் பெயர் பார்க்கிறோம். ஆண்டு விழா மேடையில் அமரும் நன்கொடையாளர்களே, கடைசி பெஞ்ச் மாணவனோடு அரை மணி நேரம் அமர்ந்ததுண்டா?

நமக்கு முன்மாதிரி இல்லையா? ஆண்களே தங்களிடம் நெருங்கி விடுகிறார்கள், எங்களுக்கென ஒரு நாள் தாருங்கள் என்று பெண்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு நாளை ஒதுக்கி அவர்களுக்குப் போதித்ததாக ஸஹீஹுல் புகாரியின் கல்விப் பாடத்தில் இருக்கிறது. மாணவர் கேட்டார், ஆசான் நேரத்தை மாற்றினார். கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்க வந்த வேளையில் குறைஷித் தலைவர்கள் பக்கம் கவனம் இருந்ததற்காக இறங்கிய ‘அபஸ’ அத்தியாயத்தை எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! பெரிய மனிதர்களைவிடக் கற்க வந்த பார்வையற்றவருக்கே முதலிடம் என்ற பாடம் நம் கல்லூரி வாசலுக்குள் நுழைய வேண்டாமா?

என்ன செய்ய வேண்டும்?

அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும்: முதல் செமஸ்டர் முழுவதும் இருமொழியில் விளக்கமும் கலைச்சொல் கையேடும் கொடுங்கள். ரயிலும் பஸ்ஸும் தாமதமாகும் பகுதி மாணவர்களுக்கு வருகைப் பதிவில் வழி செய்யுங்கள். அபராதத்தை ஒழியுங்கள். மாநிலம் 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024-ல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன, நன்றி. அந்தப் பணத்தில் ஊருக்கும் கல்லூரிக்கும் போய்வரலாம். பாடம் புரிவதற்கும் திட்டம் போடுங்கள்.

நம் சமுதாயக் கல்லூரிகளுக்கு: செமஸ்டர் நடுவிலேயே பெயர் எழுதாத தாளில் மாணவர் கருத்தைக் கேளுங்கள். எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று பதினைந்து நாளில் அறிவிப்புப் பலகையில் பதில் ஒட்டுங்கள். பாடக்குழுவில் மாணவர் இருவரை உட்கார வையுங்கள்; அதில் ஒருவர் தேர்வில் தவறியவராக இருக்கட்டும். எங்கே வழுக்குகிறது என்று விழுந்தவனுக்குத்தான் தெரியும்.

ஜமாஅத்துகளுக்கு: உதவித்தொகை ரசீதோடு வேலையை முடிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் மஹல்லா மாணவர்களைக் கூட்டுங்கள். நீங்கள் பேசாதீர்கள், அவர்களைப் பேச விடுங்கள்.

வியாபாரிகளுக்கு: உங்கள் கடையில் வேலை பார்க்கும் கல்லூரிப் பையனுக்குத் தேர்வு நாளில் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். உங்கள் மகனைப் பாதியில் இழுத்துக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள்.

இளைஞர்களே! “எனக்குப் புரியவில்லை” என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். தனியாகச் சொல்லத் தயங்கினால் பத்துப் பேராகச் சேர்ந்து சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். சாதி மதம் பார்க்காமல் பக்கத்து பெஞ்சில் இருக்கும் மீனவன் மகனையும் ஒடுக்கப்பட்டவன் மகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அவர்களுக்கும் இதே ரயில்தான், இதே அரியர்தான்.

அடுத்த ஜூன் மாதம் எத்தனை பேருக்கு இடம் வாங்கிக் கொடுத்தோம் என்று கணக்குச் சொல்ல யாராவது மேடை ஏறினால் எழுந்து நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: மூன்று வருடத்துக்கு முன் வாங்கிக் கொடுத்தீர்களே, அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள்?