வீடு திரும்பும் நாளின் சீட்டு

கால்கள் வீங்கி, மல்லாந்து படுக்க இயலாமல் மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்த தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி ஒருவர், ஊசியாலும் நீர் மாத்திரையாலும் உடம்பின் நீர் வடிந்து நாலைந்து நாளில் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டால், 'ஹார்ட் வீக்' என்று கேட்டுப் பதறிய குடும்பத்தார் வியாதி தீர்ந்ததென்றே கருதி அவரை அழைத்துச் செல்கின்றனர். ஆனால் சிகிச்சையின் பிரதான பாகம் அன்றுதான் ஆரம்பமாகிறது.

நீர் மாத்திரை மூச்சிரைப்பை அடக்கும். சுருங்கும் சக்தி குன்றிய இதயத்தைக் காத்து ஆயுளை நீட்டுபவை, பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் முதலாக இன்றைய வைத்திய விதிகள் வற்புறுத்தும் நான்கு வகை மருந்துகளே. 2013-ல் மலைக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் இதயச் செயலிழப்பு எனப்படும் இந்நோயால் சேர்க்கப்பட்ட 1,205 பேரை ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்து டாக்டர் ஹரிகிருஷ்ணனும் சகாக்களும் பதிவு செய்து ஆராய்ந்தபோது, இதயச் சுருக்கம் குறைந்தவர்களில் நூற்றுக்கு 25 பேரே அக்காலத்து விதிப்படியான மருந்துகளுடன் வீடு திரும்பினர் என்பது வெளிப்பட்டது. பின்னர் தேசமெங்கும் 53 ஆஸ்பத்திரிகளில் எடுத்த பதிவிலும் அத்தகையோரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே அவை கிடைத்தன. கிடைக்காதவர்களிடையே மரணம் அதிகம்.

விலைதான் தடை என்று இனிச் சொல்வதற்கில்லை. அந்த நால்வகையில் மற்ற இரண்டைச் சேர்ந்த டாபாகிளிப்ளோசின், சாக்குபிட்ரில் கலந்த மருந்து ஆகியவற்றின் மூலக் காப்புரிமைகள் 2023-ம் ஆண்டோடு முடிவுற்று, இரண்டும் மலிந்துவிட்டன. ரத்த அழுத்தம் தாழ்ந்தோ சிறுநீரகம் நலிந்தோ இருப்பவருக்கு ஒரு மருந்தை நிறுத்தி வைப்பது விவேகமே. ஆனால் அந்தக் காரணம் சீட்டில் எழுதப்படவேண்டும், ஏனெனில் எழுதாத விவேகத்தையும் வெறும் மறதியையும் பிரித்தறிய வழியில்லை.

குறைந்த அளவில் தொடங்கிய மருந்தை, ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே இரண்டு வாரத்துக்குள் முழு அளவுக்கு உயர்த்தினால், ஆறு மாதத்தில் இறப்போரும் மீண்டும் சேர்க்கப்படுவோரும் நூற்றுக்கு 23-லிருந்து 15 ஆகக் குறைவதை 2022-ல் வெளியான பன்னாட்டு ஆராய்ச்சி ஒன்று காட்டியது. நம் சீட்டிலோ 'ஒரு மாதம் கழித்து வரவும்' என்றிருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கு அந்த ஒரு நாள் வருகை ஒரு நாள் கூலி நஷ்டமாதலால், பட்டையில் மாத்திரை தீர்ந்ததும் சிகிச்சையும் நின்றுவிடுகிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் ஊழியர்கள், இந்நோயாளியின் எடையையும் குறித்து, கருவாட்டின் உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வருவது அசாத்தியமன்று.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்தக் கரையில் முத்துச் சிப்பிப் பார்களை முன்கூட்டியே சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து மதிப்பிட்ட பிறகே குளிப்புக்கு நாள் குறித்தார்கள். உயிர்காக்கும் சிகிச்சைக்கு அந்தச் சோதனை கூட இல்லாதிருப்பது எனக்கு வேதனையளிக்கிறது. தூத்துக்குடியில் அரசு, தனியார் ஆஸ்பத்திரிகள் யாவும், இந்நோயோடு வீடு திரும்பியவர்களில் எத்தனை பேர் உரிய மருந்துகளோடு சென்றனர், எத்தனை பேர் இரண்டு வாரத்தில் பரிசோதனைக்குத் திரும்ப வந்தனர் என்ற இரண்டு எண்களை மாதந்தோறும் வெளியிடவேண்டும். இதற்குப் புதுக் கட்டிடமோ யந்திரமோ அவசியமில்லை. சீட்டின் நகலும், அதைப் படித்துக் குறிக்க ஒரு நர்ஸும் போதும்.