பில்லில் இருக்கும் ஆங்கிலம்



நீலகிரி வியாபாரிக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1820களில் சலிவன் துரை உதகையில் கல் பங்களா கட்டிய காலம் தொட்டு இங்கே ஆங்கிலம் புழங்கி வருகிறது. வெலிங்டன் ராணுவக் குடும்பங்களுக்கும் வடநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கும் நம் கடைப் பையன்கள் விலை சொல்லி, பேரம் முடித்து, சரக்கைக் கட்டிக் கொடுத்து விடுகிறார்கள். ஆனால் காகிதத்தில் எழுத உட்கார்ந்தால் வழுக்குகிறோம்.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் குல்பர்கா பருப்பு மில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் கடிதம் போட்டோம். "டிராப்ட் அனுப்புவோம்" என்பதுதான் எங்கள் கருத்து. 'வில்' என்ற சொல்லை விட்டுவிட்டோம். ஏ, பி, சி-யை அடுத்து வரும் 'டி'யில் முடிய வேண்டிய 'செண்ட்' என்ற சொல்லைத் தேநீர் 'டீ'யில் முடித்தோம். (தேயிலை ஊர்க்காரர் அல்லவா!) மில்காரர் "அனுப்பிவிட்டோம்" என்று படித்தார். பத்து நாள் பார்த்தார், டிராப்ட் வரவில்லை. பொய் சொல்கிறோம் என்று எண்ணி, லாரியில் ஏற்றவிருந்த துவரம்பருப்பை நிறுத்திவிட்டார். அதுவும் தீபாவளி நேரம். அவரிடம் மறுபடி கடனுக்குச் சரக்கு வாங்க இரண்டு வருடம் ஆயிற்று.

தமிழில் இந்தத் தவறு நேராது. 'அனுப்பினோம்', 'அனுப்புவோம்' என்று காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கு 'வில்' தனியாக முன்னால் வர வேண்டும். இரண்டு 'செண்ட்'டுக்கும் நம் காதில் வித்தியாசம் தெரிவதில்லை. தமிழில் எழுதினாலும் ஒன்றுதான்.

அடுத்தது பில். "கூட்ஸ் ஒன்ஸ் ஸோல்ட் வில் நாட் பி டேக்கன் பேக்", அதாவது விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது என்று பலரும் அச்சடித்து வந்திருக்கிறோம். செயப்பாட்டு வினை. யார் எடுக்க மாட்டார் என்பது வாக்கியத்தில் இல்லை. வழக்கு வந்தால் கடைக்காரர் பெயர்தான் வரும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சரக்கை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பிரஸ்காரர் பழைய பில்லைப் பார்த்து அச்சடிக்கிறார். நாமும் படிக்காமல் வாங்கி வருகிறோம்.

கடை அடைத்த பின் வாரம் ஒரு மணி நேரம், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை வைத்துச் சங்கத்தில் வகுப்பு நடத்தலாம். ரென் அண்டு மார்ட்டின் புத்தகம் வேண்டாம். அதன் கனத்தைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். அவரவர் பில், ஆர்டர் கடிதம், லாரி ரசீது, கைப்பேசிச் செய்தி இவற்றை வைத்தே முக்காலமும், 'வில்', 'மே', 'நாட்' என்ற சொற்களும் சொல்லிக் கொடுத்தால் போதும். முதல் வகுப்புக்கு எங்கள் கடையிலிருந்து மூன்று பேர் வருகிறோம், முதலாளியையும் சேர்த்து.