யார் கண்டது?

புதையலை மண்வெட்டி தொட்டுவிட்டது. தோண்டியவரோ குனிந்து பாராமலே வீடு திரும்பிவிட்டார். நான்கு திங்கள் கழித்துத்தான் அது அவர் கண்ணில் படுகிறது. அப்புதையல் எந்நாளில் கிடைத்ததென்று ஏட்டில் எழுதுவீர்கள்?

கணித உலகில் இப்படி ஒரு சிக்கல் உண்மையாகவே எழுந்தது. அமெரிக்காவின் மத்திய மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கர்டிஸ் கூப்பரின் பொறுப்பில் இயங்கிய கணிப்பொறி ஒன்று, அதுவரை உலகம் அறிந்திராத மாபெரும் பகா எண் ஒன்றைக் கண்டுபிடித்து, 2015 செப்டம்பர் 17 அன்று மையக் கணிப்பொறிக்குத் தெரிவித்தது. அதனை மின்னஞ்சல்வழி மனிதர்க்கு அறிவிக்க வேண்டிய நிரலிலோ ஒரு பிழை! செய்தி எவரையும் எட்டவில்லை. 2016 ஜனவரி 7 அன்று, வழக்கமான பராமரிப்பின்போதுதான் அது தெரியவந்தது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடாததே பகா எண் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவற்றிற்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். ஆகவே நாம் அறிந்தவற்றுள் பெரியது எது என்று கேட்கலாமேயன்றி, யாவற்றினும் பெரியது எதுவென்று கேட்பதற்கில்லை.

பெரியவற்றைத் தேடுவோர் பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் ஆராய்ந்த எண்களையே நாடுகின்றனர். சில இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் கிடைப்பவை அவை. ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்று கழிய 31. இது பகா எண்தானா? லூக்காஸ், லெமர் என்னும் இருவர் வகுத்த சோதனையைப் பிள்ளைகளிடம் தாளும் பேனாவும் தந்து செய்யச் சொல்லுங்கள். கலைப் பட்டதாரியான எனக்கே விளங்கியது, அவர்களுக்கு விளங்காதா?

நான்கில் தொடங்குக. அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 14. பதினான்கின் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 194. அதை 31 ஆல் வகுக்க மீதி 8. எட்டின் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 62. அதை 31 ஆல் வகுக்க மீதி பூச்சியம். பெருக்கிய இரண்டுகள் ஐந்தாதலால் மூன்று சுற்று. எப்போதும் இரண்டு குறைவு. இறுதியில் பூச்சியம் வந்தால் அது பகா எண்ணே. கூப்பரின் எண்ணிலோ பெருக்கிய இரண்டுகள் 7,42,07,281! ஒரு மாதம் ஓயாது இயங்கிய பின்னரே அந்தப் பூச்சியம் வந்தது.

சரி, எந்நாளை எழுதினார்கள்? மனிதர் அறிந்த ஜனவரி 7 ஐத்தான். அதற்கொரு முன்வழக்கும் இருந்தது. 1961 இல் அலெக்சாண்டர் ஹர்விட்ஸ் என்பவர் கணிப்பொறி அச்சிட்ட தாள்களைக் கடைசியிலிருந்து படித்தார். 4,423 இரண்டுகளின் எண் முதலில் கண்ணில் பட்டது. 4,253 இரண்டுகளின் எண் சில நொடிகள் கழித்து. இயந்திரம் முதலில் கண்ட சிறிய எண், பாவம், ஒரு நொடிகூட 'மிகப் பெரியது' என்னும் பெருமையை அடையவில்லை! மனிதன் பார்த்தால்தான் கண்டுபிடிப்பா என்று அவரிடம் கேட்கப்பட்டபோது, தாள்களை எடுத்து அடுக்கிய பணியாளர் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்வது என்று திருப்பிக் கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஆயினும் என் வாக்கு, பார்த்ததன் பொருளை அறிந்தவருக்கே.

2024 இல் லூக் டுராண்ட் பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த கணிப்பொறிகளைக்கொண்டு, 4,10,24,320 இலக்கங்கள் உடைய பகா எண்ணைக் கண்டார். அக்டோபர் 11 இல் டப்ளினிலிருந்த பொறியொன்று, இது பகா எண்ணாகலாம் என்றது. மறுநாள் டெக்சாசிலிருந்த பொறி அதனை உறுதிசெய்தது. ஏட்டிலுள்ள நாள் அக்டோபர் 12. நொடிக்கோர் இலக்கமாக இரவுபகல் வாசித்தாலும் இவ்வெண்ணை முடிக்க 474 நாட்களுக்கு மேலாகும். அவர் கண்டதும் அந்த எண்ணையன்று. மீதி பூச்சியம் என்னும் விடையைத்தான்.