தம்புராவை எங்க கொண்டு போட்டான்?

பழைய கச்சேரி ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு புலம்பலும் ஒரு வேண்டுகோளும். புலம்பல் எங்கள் வீட்டுக் கதை. வேண்டுகோள் உங்களுக்கு.

எங்கள் ஊர் பாறசாலைக்குப் பக்கம். 1956ல் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அப்படிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுபோன தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கோயில் கச்சேரி மட்டும் இரண்டு பேருக்கும் பொது. திருவிழா வந்தால் அப்பா கேசட் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். முன்வரிசையில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பதிவு செய்வார். அப்படிச் சேர்ந்தது முப்பது கேசட்டுக்கு மேல்.

அதில் ஒன்றின் உறையில் பென்சிலால் 'வாசுதேவன் சார், திருவிழா' என்று மட்டும் இருக்கிறது. நெய்யாற்றின்கரை வாசுதேவனைத்தான் சொல்கிறார். திருவனந்தபுரம் வானொலியில் இருந்தவர், 2008ல் காலமானார். எந்தக் கோயில், எந்த வருஷம் என்று அப்பா எழுதவில்லை. இனிமேல் அவரைக் கேட்கவும் முடியாது.

போன முறை ஊருக்குப் போனபோது அந்தக் கேசட்டை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். இரைச்சல் துளிகூட இல்லாமல் சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். பெருமையாக அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "பாட்டு தெளிவாத்தான் கேக்குது மக்களே. தம்புராவ எங்க கொண்டு போட்டான்?"

உண்மைதான். தம்புராவைக் காணோம்!

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு முதலில் 'இதுதான் இரைச்சல்' என்று ஒரு மாதிரியைக் காட்ட வேண்டும். பாட்டு இல்லாத இரண்டு மூன்று விநாடியைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த இடத்தில் கேட்பதையெல்லாம் மென்பொருள் கற்றுக்கொண்டு, பதிவு முழுவதிலிருந்தும் கழித்துவிடும். சினிமாப் பாட்டுக்கும் மேடைப் பேச்சுக்கும் இது சரி. ஆனால் நம் கச்சேரியில் பாட்டு இல்லாத இடம் உண்டு, சுருதி இல்லாத இடம் ஏது? பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே தம்புரா மீட்ட ஆரம்பித்துவிடுகிறது. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக வருவதால் மென்பொருளின் கணக்கில் அதுவும் ஃபேன் சத்தமும் ஒன்றுதான். ஸ்டுடியோப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். கருவி சொல்லிக்கொடுத்த வழியில் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

இதை நான் யோசித்ததற்கு நான் குடியிருக்கும் ஊரும் ஒரு காரணம். இங்கிலாந்தின் லீட்ஸ். ராக் இசைப் பிரியர்களுக்கு இது ஒரு க்ஷேத்திரம் மாதிரி :-) தி ஹூ என்ற குழு 1970 பிப்ரவரி 14ந் தேதி இங்கே பல்கலைக்கழகத்து உணவுக்கூடத்தில் வாசித்ததுதான் 'லைவ் அட் லீட்ஸ்' என்ற புகழ்பெற்ற இசைத்தட்டு. அந்தப் பதிவில் சடசடவென்று ஒரு சத்தம் விழுந்துவிட்டது. சரி செய்ய வழியில்லாமல், சத்தம் அப்படித்தான் இருக்கும், திருத்த வேண்டாம் என்று தட்டின் லேபிளிலேயே எழுதிவிட்டார்கள். 1995ல் மறுபடி வெளியிட்டபோது கணினி உதவியோடு அதை எடுத்துவிட்டார்கள்.

பீட்டில்ஸ் கதை இன்னும் சுவாரசியம். 1964லும் 1965லும் ஹாலிவுட் பவுலில் அவர்கள் பாடியதை மூன்று டிராக்கில் பதிந்தார்கள். ரசிகைகளின் கூச்சலில் பாட்டு முங்கிப் போயிற்று. ஜார்ஜ் மார்ட்டின் எப்படியோ தேற்றி 1977ல் இசைத்தட்டாக்கினார். 2016ல் அவர் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், ஆபி ரோடு ஸ்டுடியோவின் ஜேம்ஸ் கிளார்க் உருவாக்கிய மென்பொருளை வைத்துக் குரலையும் வாத்தியங்களையும் கூச்சலிலிருந்து பிரித்தெடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கர்ச்சீப்பால் மூடியிருந்த ஸ்பீக்கரைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஆகவே நான் சுத்தம் செய்வதற்கு எதிரியில்லை. அவர்களிடம் இருந்து நாம் கற்க வேண்டியது மென்பொருளை அல்ல, ஒழுங்கை. முதல் விஷயம், மூல நாடா பத்திரமாக இருந்தது. அதனால்தான் 1977ல் முடியாததை 2016ல் செய்ய முடிந்தது. இரண்டாவது, செய்ததைச் சொன்னார்கள். தி ஹூ மறுநாள் ஹல் நகரத்தில் வாசித்த பதிவில் முதல் சில பாட்டுகளுக்கு பேஸ் கிதார் சரியாகப் பதிவாகவில்லை. 2010ல் வெளியிட்டபோது லீட்ஸ் கச்சேரியின் பேஸை எடுத்து அங்கே ஒட்டினார்கள். அப்படி ஒட்டியிருக்கிறோம் என்பதை மறைக்கவில்லை.

நம் இசையில் அந்த ஒட்டு வேலை நடக்குமா? நேற்று பாடிய கல்யாணிக்கு வாசித்த மிருதங்கத்தை இன்றைய கல்யாணிக்கு ஒட்ட முடியாது. அன்றைக்கு அந்த மேடையில் அந்த நிமிஷம் தோன்றியது அதோடு சரி. அந்த ஒரே பதிவில் கை வைத்துக் கெடுத்தால் வேறு நாள் பதிவு கைகொடுக்காது. அப்பாவிடம் இருந்தது மூன்று டிராக் இல்லை, ஒரே மைக். குரல், வயலின், மிருதங்கம், தம்புரா, பக்கத்து ஆள் இருமல் எல்லாம் ஒரே கலவை. இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிரித்துத் தருகிறோம் என்கின்றன. குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கு பெட்டி. பெரும்பாலும் மேற்கத்திய பாட்டுகளைக் கேட்டுப் பழகியவை. குரலை நிழல்போலத் தொடரும் நம் வயலின் எந்தப் பெட்டி? சுருதி சேர்த்த மிருதங்கம் எந்தப் பெட்டி? அதற்கே குழப்பம்.

இன்னொன்று வேகம். கேசட் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஒன்றரைக் கட்டையில் பாடினவர் இரண்டு கட்டையில் பாடின மாதிரி கேட்கும். நிறையப் பழைய கேசட்டில் 'அவருக்கு என்ன குரல், என்ன வேகம்' என்று நாம் வியப்பதில் பாதி, மோட்டார் செய்த வேலையாகவும் இருக்கலாம் :-) பதிவில் விழுந்திருக்கும் மின்சார முனகலை 50 சைக்கிளாக வைத்து வேகத்தைச் சரி செய்யலாம் என்பார்கள். நம் பக்கத்து மின்சாரம் அந்தக் காலத்தில் 50ல் நிலையாக நின்றதா? ஆகவே அதையும் முழுதாக நம்ப முடியாது. காது உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அம்மா இன்னொன்றும் கண்டுபிடித்தாள். நடுவில் 'ஆகா' என்று ஒரு குரல் வரும், அதையும் காணோம் என்றாள். இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார்கள் போல. மடியில் ரெக்கார்டரை வைத்திருந்தவர் குரல் அது. பாடகருக்கு இடைஞ்சல்தான், வாஸ்தவம். எங்கள் வீட்டில் அவர் குரல் பதிவாகி இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

நல்ல காலம், கேசட்டைத் தூக்கிப் போடவில்லை. திரும்பவும் எடுத்தோம். இந்த முறை டெக்கின் ஹெட்டைத் துடைத்து, நாடாவுக்கு நேராக அதன் கோணத்தைத் திருத்தினார் தெரிந்த ஒருவர். அந்த ஸ்க்ரூவை ஒரு இழை திருப்பியதும் மிருதங்கத்தின் சாப்பு பளிச்சென்று வந்தது. எந்த மென்பொருளும் அவ்வளவு செய்யவில்லை. இரைச்சல் இருக்கிறது. தம்புராவும் இருக்கிறது. 'ஆகா'வும் இருக்கிறது.

சரி, இவ்வளவு அலட்டல் எதற்கு? பதிவாகாமல் போனதை எந்தத் தொழில்நுட்பமும் கொண்டுவராது என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. வருஷா வருஷம் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் புறப்பட்டு, களியக்காவிளை தாண்டி, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையில் தங்கி, திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்துக்குப் போகிறாள். அதே பாறசாலையில் 1924ல் பிறந்தவர் பொன்னம்மாள். அந்த மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது என்ற வழக்கம் 2006ல் அவரோடுதான் உடைந்தது. அப்போது அவருக்கு 81 வயது. 2021ல் மறைந்தார். அவருடைய முப்பது வயதுக் குரல் அந்த மண்டபத்தில் எப்படி ஒலித்திருக்கும்? ஜேம்ஸ் கிளார்க்காலும் சொல்ல முடியாது. பாடவிட்டிருந்தால்தானே பதிவாகியிருக்கும்?

பாடி, பதிவும் ஆகி, நம் அலமாரியில் பூஞ்சை பிடித்துக் கிடப்பதையாவது காப்பாற்றலாமே. நாடாக்களும் அவற்றை ஓட்டும் இயந்திரங்களும் ஒருசேர அழிந்துவருகின்றன என்று 2019ல் யுனெஸ்கோ தனி எச்சரிக்கையே விட்டது. வேண்டுகோள் இவ்வளவுதான்:

ஊருக்குப் போகும்போது கேசட்டுகளைத் தேடி எடுங்கள். உறையில் இருப்பதை அப்படியே எழுதி வையுங்கள். இடம், வருஷம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். முதலில் எதையும் நீக்காமல் ஒரு முழுப் பிரதி எடுங்கள், எம்பி3யாக அல்ல, சுருக்காத வேவ் கோப்பாக. 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ். சுத்தம் செய்வதை இன்னொரு பிரதியில் செய்யுங்கள். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தம்புரா கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால் அளவுக்கு மீறிச் சுத்தம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கேசட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். நம்மைவிட நல்ல கருவியோடு நாளைக்கு ஒருவர் வருவார்.